பழைய டிசி லேஅவுட்டை டிசிசிக்கு மாற்றுவது: வயரிங், திருப்பு வளையம், பழைய இன்ஜின்கள்

வடக்குச்சந்திப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் இருப்பது ஹெச்ஓ அளவு (1:87) மாதிரி ரயில் லேஅவுட். நீளம் 4 மீட்டர், அகலம் 1.2 மீட்டர். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுற்றுப்பாதைகள், ஒரு யார்டு (பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் கிளைப்பாதைகள்), வண்டியைத் திருப்பி அனுப்ப ஒரு வளையம். இரண்டு 12 வோல்ட் டிசி (நேர்மின்சார) கன்ட்ரோலர்கள் இருக்கின்றன. பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு டாகிள் சுவிட்ச் வைத்திருக்கிறேன்.

நானும் மகளும் சேர்ந்து ஓட்டும்போது கண் முழுவதும் சுவிட்சுகள் மீதே இருக்கிறது. எந்தப் பகுதி யார் கையில் என்று பார்ப்பதிலேயே நேரம் போகிறது; வண்டியைப் பார்க்க முடிவதில்லை. அதனால் டிசிசிக்கு, அதாவது தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியாக ஓட்டும் முறைக்கு, மாறலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். 5 ஆம்பியர் கருவி ஒன்றும் கையில் இருக்கிறது.

கேட்க விரும்புவது மூன்று. பழைய வயரிங்கை முழுவதுமாகப் பிடுங்க வேண்டுமா? திருப்பு வளையத்தை என்ன செய்வது? சாக்கெட் இல்லாத பழைய இன்ஜின்களில் டிகோடர் (கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் சிறு சர்க்யூட்) வைக்க முடியுமா?

செம்புக்கம்பி எழுதியது:

வணக்கம். பிடுங்க வேண்டியதில்லை, அவசரப்படாதீர்கள். முதலில் இரண்டு டிசி கன்ட்ரோலர்களையும் லேஅவுட்டிலிருந்து முற்றாகக் கழற்றி வெளியே வையுங்கள். அணைத்து வைத்தால் மட்டும் போதாது. கம்பியே இருக்கக் கூடாது. பிறகு எல்லா டாகிள் சுவிட்சுகளையும் முதல் கன்ட்ரோலர் பக்கம் தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தில் டிசிசியின் இரண்டு கம்பிகளை இணையுங்கள். திருப்பு வளையத்தின் சுவிட்ச் மட்டும் அணைந்தே இருக்கட்டும். அன்றைக்கே வண்டி ஓடும்.

ஆனால் ஓடுகிறது என்பதற்காக வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். டிசியில் ஒரு பகுதிக்கு ஒரு இன்ஜின், அரை ஆம்பியர் மின்சாரம். டிசிசியில் தண்டவாளம் முழுவதும் எப்போதும் 14, 15 வோல்ட் உயிரோடு இருக்கும். பின்னால் 5 ஆம்பியர் காத்திருக்கும். கட்டளையும் அதே மின்சாரத்திலேயே போகிறது. மின்னழுத்தம் திசை மாறி மாறி வருவதில்தான் செய்தி இருக்கிறது: ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ விநாடி நீடித்தால் அது 1, 100 மைக்ரோ விநாடியோ அதற்கு மேலோ நீடித்தால் 0. இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் இதைப் படித்து, தன் முகவரிக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் 1980களின் இறுதியில் உருவாக்கிய முறை இது. அதை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவின் என்எம்ஆர்ஏ என்ற மாதிரி ரயில் சங்கம் 1990களில் பொதுத் தரத்தை வகுத்தது. அதனால்தான் ஒரு நிறுவனத்தின் டிகோடர் இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு இன்றும் பேசுகிறது.

நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது நாணயச் சோதனை. மின்சாரம் இருக்கும்போது ஒரு உலோக நாணயத்தை இரண்டு தண்டவாளங்களின் குறுக்கே வைத்து அழுத்துங்கள். பூஸ்டர் (டிசிசி கருவியில் தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பகுதி) அந்தக் கணமே துண்டித்துக்கொள்ள வேண்டும். லேஅவுட்டின் எல்லா மூலைகளிலும், யார்டின் ஒவ்வொரு கிளையிலும், பாயிண்டுகளுக்கு (பாதை பிரியும் இடங்களுக்கு) அப்பாலும் இதைச் செய்யுங்கள். ஓரிடத்தில் துண்டிக்கவில்லை என்றாலும் அங்கே வண்டி விடாதீர்கள். டிகோடரின் தரமெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நீராவிப்பிரியன் எழுதியது:

எதிர்க்கருத்து சொல்வதற்கு மன்னிக்கவும். டிசியை ஏன் இவ்வளவு எளிதில் கைவிடுகிறோம்? நல்ல டிசி கன்ட்ரோலர் இருந்தால் ஒரு இன்ஜினை ஊர்ந்து போக வைக்கலாம். இன்ஜினுக்குள் எந்த எலெக்ட்ரானிக்ஸும் வேண்டாம். 50 ஆண்டுக்கு முந்தைய மோட்டாரைக் கார்பன் பிரஷ் மாற்றி இன்றும் ஓட்டலாம். டிகோடர் பழுதானால் தூக்கிப்போடத்தான் வேண்டும்.

பகுதி சுவிட்சுகளைத் தொல்லை என்று சொல்கிறீர்கள். நிஜ ரயில்வேயிலும் ஒரு பிளாக்கில் (பாதைப் பகுதியில்) ஒரு வண்டிதான். அடுத்த பிளாக் கிடைக்கும்வரை காத்திருப்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். தனியாக ஓட்டுபவர், அதுவும் ஐந்தாறு இன்ஜினோடு நிறைவடைபவர், நிதானமாக யோசித்த பிறகே மாற வேண்டும்.

வடக்குச்சந்திப்பு எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தனியாக ஓட்டினால் நானும் மாறியிருக்க மாட்டேன். எங்களுக்குச் சிக்கல் யார்டில்தான். ஒரு இன்ஜின் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று முகப்பு விளக்கு எரிய அதே பாதையில் காத்து நிற்க வேண்டும். டிசியில் நின்றால் விளக்கும் அணைந்துவிடுகிறது.

வெளிச்சுற்றை மட்டும் டிசியாகவே வைத்துக்கொண்டு, உள்சுற்றையும் யார்டையும் டிசிசி ஆக்கலாமா?

செம்புக்கம்பி எழுதியது:

இரண்டு சுற்றுகளுக்கும் நடுவே இணைப்புப் பாதை இருந்தால் வேண்டவே வேண்டாம். இன்ஜினின் முன்சக்கரம் டிசிசியிலும் பின்சக்கரம் டிசியிலும் இருக்கும் ஒரு கணத்தில் இரண்டு மின்சாரமும் இன்ஜின் வழியாக மோதிக்கொள்ளும். டிசி கன்ட்ரோலர் போய்விடலாம், பூஸ்டரும் போய்விடலாம். டிகோடர் இல்லாத இன்ஜின் தவறிப்போய் டிசிசி பாதைக்குள் வந்து நின்றால், நின்ற இடத்திலேயே மோட்டார் ரீங்கரித்துச் சூடாகும். கோர்லெஸ் மோட்டார் (சுழலும் பகுதியில் இரும்புக் கரு இல்லாதது) என்றால் சீக்கிரம் கருகியே போகும். பாதைகள் ஒன்றையொன்று தொடவே இல்லை என்றால் மட்டுமே இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

கைப்பட்டறை எழுதியது:

பழைய இன்ஜின்கள் பற்றிய கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த வேலையில் எனக்கு அலாதி விருப்பம்.

டிகோடர் வாங்கும் முன்பு மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பாருங்கள். இன்ஜினை 12 வோல்ட் டிசியில் வைத்து, ஆம்பியர் மீட்டரைத் தொடராக இணைத்து, சக்கரம் சுழலாதபடி ஓரிரு விநாடி விரலால் பிடியுங்கள். அப்போது மீட்டர் காட்டும் எண்ணைவிட டிகோடரின் திறன் கூடுதலாக இருக்க வேண்டும். ஹெச்ஓ டிகோடர்கள் பல தொடர்ந்து 1 ஆம்பியர் தாங்கும். பழைய திறந்த சட்ட மோட்டார்கள் சில அதற்கு மேல் இழுக்கும். காந்தம் பலவீனமாகியிருந்தாலும் இழுப்பு கூடும். அப்படிப்பட்ட மோட்டாரை மாற்றிவிடுவதே நல்லது.

அடுத்தது, மோட்டாரைத் தனிமைப்படுத்துவது. பழைய இன்ஜின்களில் உலோகச் சட்டமே ஒரு பக்கத் தண்டவாளத்தின் மின்சாரத்தைச் சுமந்து வரும்; மோட்டாரின் ஒரு பிரஷ் நேராக அந்தச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். மேல்மூடியைக் கழற்றியதும் மோட்டாரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் திருகைப் பாருங்கள். சில மாதிரிகளில் பிரஷை அழுத்தும் செம்புத் தகட்டிலிருந்து சிறு நாக்கு ஒன்று கீழ்நோக்கி நீண்டு, சட்டத்தில் உரசிக்கொண்டிருக்கும். அந்த நாக்கை வெட்டி, மோட்டாருக்கு அடியில் மின்காப்பு நாடா வைத்து, உலோகத் திருகுக்குப் பதில் நைலான் திருகு போடுங்கள். பிறகு மல்டிமீட்டரை எடுத்து, மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஒவ்வொன்றாகச் சட்டத்தோடும் இரண்டு பக்கச் சக்கரங்களோடும் சோதியுங்கள். எங்குமே தொடர்பு காட்டக் கூடாது. மேல்மூடி உலோகமாக இருந்தால் அதையும் மாட்டிவிட்டு மறுபடி சோதியுங்கள். மூடியைத் திருகும்போது கம்பி நசுங்கி, அதுவரை செய்த வேலை வீணாவது உண்டு.

நிறங்கள்: சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது தண்டவாளம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொதுவான நேர்முனை. எல்இடி போடும்போது அதன் நேர்முனை நீலத்துக்கு. 1 கிலோ ஓம் மின்தடை கட்டாயம். டிகோடரின் உறையைப் பிரிக்காதீர்கள். உலோகத்தைத் தொடாத இடத்தில், இருபக்க ஒட்டுநாடாவில் உட்கார வையுங்கள். நாடாவைச் சுற்றிச் சுற்றி மூட்டை கட்டிவிட்டால் வெப்பம் வெளியேற வழியில்லை.

8 முனை சாக்கெட் உள்ள புதிய இன்ஜின்களில் இந்தப் பாடு எதுவும் இல்லை. சாக்கெட்டில் ஏற்கெனவே செருகியிருக்கும் போலி முனையைப் பிடுங்கிவிட்டு டிகோடரைச் செருகினால் போதும். ஆரஞ்சுக் கம்பி 1ஆம் துளைக்கு வர வேண்டும். திருப்பிச் செருகிவிட்டால் பெரும்பாலும் எதுவும் எரியாது. விளக்கு எரியாமல் இன்ஜின் எதிர்த்திசையில் போகும், அவ்வளவுதான்.

சிக்னல்மாடம் எழுதியது:

திருப்பு வளையத்துக்கு வருகிறேன். டிசிசி வந்தால் அந்தத் தொல்லை போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. வளையத்தைச் சுற்றித் திரும்பும்போது வலது தண்டவாளம் இடது தண்டவாளத்தோடு வந்து முட்டுகிறது. அது பாதையின் வடிவத்தால் வரும் ஷார்ட். எந்த முறையிலும் வரும்.

டிசிசியில் கிடைக்கும் உண்மையான நன்மை வேறு. டிசியில் தண்டவாளத்தின் முனை (நேர், எதிர்) மாறினால் இன்ஜின் திசை மாறும். அதனால் வளையத்துக்குள் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் சுவிட்சைத் திருப்ப முடிந்தது. டிசிசியில் திசையைத் தீர்மானிப்பது கட்டளைதான், தண்டவாளத்தின் முனை அல்ல. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வளையத்தின் நேர், எதிர் முனைகளை மாற்றலாம். இன்ஜின் ஒரு சிணுக்கமும் இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். இதைத் தானாகச் செய்ய ஆட்டோ ரிவர்சர் இருக்கிறது. சக்கரம் தண்டவாளத்தின் வெட்டைக் (மின்சாரத்தைப் பிரிக்கும் இடைவெளியைக்) கடந்து ஷார்ட் ஏற்படுத்தும் கணத்தில் அதை உணர்ந்து முனைகளை மாற்றிவிடும்.

வளையத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்ட வேண்டும். மொத்தம் நான்கு வெட்டுகள். பழைய டிசி வயரிங்கில் ஒரு தண்டவாளத்தை எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவாக விட்டிருந்தால், அது வளையத்துக்குள்ளும் வெட்டில்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம், தேடிப் பாருங்கள். வெட்டுகளுக்கு நடுவில் உள்ள பகுதி உங்களுடைய மிக நீண்ட வண்டியைவிட நீளமாக இருக்கட்டும். உலோகச் சக்கரம் உள்ள பெட்டிகள் ஒரே நேரத்தில் இரண்டு பக்க வெட்டுகளையும் கடந்தால், ரிவர்சர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஷார்ட்தான். ரிவர்சர் துண்டிக்கும் அளவைப் பூஸ்டரைவிடக் குறைவாக அமையுங்கள். பூஸ்டர் முந்திக்கொண்டால் லேஅவுட் முழுவதும் நின்றுவிடும்.

வடக்குச்சந்திப்பு எழுதியது:

செம்புக்கம்பி சொன்ன நாணயச் சோதனையைச் செய்தேன். இரண்டு சுற்றுகளிலும் எங்கே வைத்தாலும் உடனே துண்டிக்கிறது. யார்டின் கடைசிக் கிளையில் மட்டும் துண்டிக்கவில்லை. நாணயத்தின் விளிம்பில் பொறி பறந்தது, பக்கத்து இணைப்புத் தகட்டில் விரல் வைக்க முடியாத சூடு. ஆனால் அதே கிளையில் இன்ஜின் நன்றாகவே ஓடுகிறது. இது எப்படி?

செம்புக்கம்பி எழுதியது:

இதைத்தான் எதிர்பார்த்தேன். தனி இன்ஜின் கால் ஆம்பியர்தான் கேட்கும்; மோசமான இணைப்பும் அதைக் கொடுத்துவிடும். ஷார்ட் வரும்போதுதான் அதன் உண்மை முகம் தெரியும்.

12 வோல்ட், 21 வாட் கார் பிரேக் விளக்கு ஒன்றில் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்து, அதை அந்தக் கிளையில் தண்டவாளங்களின் மேல் வையுங்கள். எரியும்போது மின்னழுத்தம் எவ்வளவு என்று அதே இடத்தில் அளந்து எழுதுங்கள். பூஸ்டரின் வாசலிலும் இதே விளக்கை வைத்து அளந்துகொள்ளுங்கள். டிசிசியின் அலைவடிவத்தில் சாதாரண மீட்டர் துல்லியமாகக் காட்டாது. ஆனால் ஓரிடத்தை இன்னோரிடத்தோடு ஒப்பிடப் போதும்.

வடக்குச்சந்திப்பு எழுதியது:

பூஸ்டர் அருகில் 14.8. யார்டின் கடைசியில் 9.8.

செம்புக்கம்பி எழுதியது:

ஐந்து வோல்ட் வழியிலேயே தொலைகிறது. அந்த விளக்கு அப்போது சுமார் 1.6 ஆம்பியர் இழுத்திருக்கும். எனவே வழியில் 3 ஓமுக்குச் சற்று மேல் தடை இருக்கிறது. இப்போது ஷார்ட் வந்தால் 14.8 வோல்ட்டை அந்தத் தடையால் வகுங்கள், 4.6 ஆம்பியர் அளவில் நின்றுவிடும். உங்கள் பூஸ்டர் 5 ஆம்பியரைத் தாண்டினால்தான் துண்டிக்கும். அதன் கணக்கில் அங்கே ஷார்ட்டே இல்லை. யாரோ நிறைய இன்ஜின்களை ஓட்டுகிறார்கள் என்றே அது நினைக்கும். அந்த நேரமெல்லாம் கிட்டத்தட்ட 68 வாட் வெப்பம் தகட்டிலும் கம்பியிலும் தடம்புரண்ட வண்டியின் சக்கரங்களிலும் இறங்கிக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் போகி (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) உருகி வழிவது இப்படித்தான். வீட்டுக்குள் இருக்கும் பொருள், மரச்சட்டத்தின் மேல் இருக்கிறது. தயவுசெய்து இதைச் சரிசெய்யும்வரை அந்தக் கிளைக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள்.

காரணம் பெரும்பாலும் தண்டவாளங்களை இணைக்கும் தகடுகள்தான். அவை தண்டவாளத்தை நேராகப் பிடித்துக்கொள்ளத்தான். மின்சாரத்துக்கு அவற்றை நம்பக் கூடாது. பெயின்டும் பசையும் சரளைத் தூளும் உள்ளே புகுந்தால் ஒவ்வொரு தகடும் ஒரு மின்தடையாகிவிடும். நிக்கல் சில்வர் தண்டவாளமும் செம்பைவிடப் பல மடங்கு மோசமான கடத்தி.

எனவே லேஅவுட்டின் அடியில் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒரு ஜோடியை நீளவாக்கில் ஓட விடுங்கள். இதுதான் பஸ். ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் மெல்லிய ஃபீடர் கம்பி ஒன்று கீழிறங்கி அதில் சேரட்டும். ஃபீடர் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். தடித்த கம்பி ஏன் என்று கேட்பவர்களுக்குக் கணக்கு: 10 மீட்டர் தொலைவு என்றால் போக வர 20 மீட்டர் கம்பி. 5 ஆம்பியரில் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி முக்கால் வோல்ட் தின்னும், 0.75 கம்பி இரண்டரை வோல்ட் தின்றுவிடும். உங்கள் லேஅவுட்டுக்கு அவ்வளவு நீளம் வராது. ஆனாலும் வேலையை ஒருமுறைதானே செய்யப்போகிறீர்கள்?

நீராவிப்பிரியன் எழுதியது:

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் நான் டிசியில்தான் இருப்பேன். ஆனால் செம்புக்கம்பி சொன்னதை டிசி வைத்திருப்பவர்களும் செய்ய வேண்டும். ஃபீடர் கூடினால் என் இன்ஜின்களும் யார்டின் கோடியில் மூச்சு வாங்காமல் போகும்.

புதுநிரல் எழுதியது:

கருவி ஏற்கெனவே இருப்பதால் வடக்குச்சந்திப்புக்கு இது தேவைப்படாது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டிசிசி-இஎக்ஸ் என்ற திறந்தமூலத் திட்டத்தின் நிரலை ஆர்டுயினோ மெகா என்ற சிறு கணினிப் பலகையில் ஏற்றி, அதன் மேல் மோட்டார் ஷீல்டு (தண்டவாளத்துக்கான மின்சாரத்தைக் கையாளும் துணைப்பலகை) வைத்தால் கட்டளை நிலையம் தயார். வைஃபை சேர்த்தால் கைபேசியிலிருந்தே ஓட்டலாம். கவனிக்க வேண்டியது இரண்டு. வழக்கமான ஆர்டுயினோ மோட்டார் ஷீல்டு ஒரு வழிக்கு 2 ஆம்பியர் வரைதான். சிறிய லேஅவுட்டுக்குப் போதும், 5 ஆம்பியரை அதனிடம் கேட்காதீர்கள். ஷீல்டின் மின்சாரம் கீழே இருக்கும் மெகாவுக்குப் போகும் வின் (மின்சார உள்ளீட்டு) இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தண்டவாளத்துக்கான 14, 15 வோல்ட் மெகாவுக்குள் இறங்கும்.

எந்தக் கருவி வைத்திருந்தாலும் ஜேஎம்ஆர்ஐ மென்பொருளைக் கணினியில் நிறுவுங்கள், இலவசம். அதன் டிகோடர்புரோ பகுதியில் ஒவ்வொரு இன்ஜினின் அமைப்பையும் சேமித்து வைக்கலாம். டிகோடர் மாற்ற நேர்ந்தால் பழைய எண்களை எழுதிவைத்த தாளைத் தேட வேண்டியதில்லை. இந்த மென்பொருளை ஒட்டி எழுந்த வழக்கில்தான், திறந்தமூல உரிமத்தின் நிபந்தனைகளைப் பதிப்புரிமைச் சட்டம் காக்கும் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. பொம்மை ரயில் ஓட்டுகிறவர்களின் மென்பொருள் உலகத்து நிரலாளர்கள் எல்லோருக்கும் அரணாக நின்றது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

கைப்பட்டறை எழுதியது:

டிகோடர் அமைப்பு பற்றிச் சுருக்கமாக. டிகோடரைப் போட்டவுடன் முதன்மைப் பாதையில் வைக்காதீர்கள். புரோகிராமிங் பாதையில் (டிகோடரின் அமைப்பைப் படிக்கவும் எழுதவும் தனியாக வைத்த பாதையில்) வையுங்கள். அங்கே மின்சாரம் மட்டுப்படுத்தப்பட்டிருக்கும், தவறான இணைப்பு இருந்தாலும் டிகோடர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கருவி கேட்கும் கேள்விக்கு டிகோடர் மோட்டாரைச் சிறிதாக உதறி, குறைந்தது 60 மில்லி ஆம்பியர் துடிப்பாகப் பதில் சொல்லும். முகவரி படிக்கிறது என்றால் மோட்டாருக்கும் தண்டவாளத்துக்குமான இணைப்புகள் சரி என்று நம்பலாம்.

புதிய டிகோடரின் முகவரி 3 ஆக இருக்கும். அது சிவி 1 (சிவி என்பது டிகோடருக்குள் ஒவ்வொரு அமைப்பின் எண்ணையும் சேமிக்கும் இடம்). சிவி 3 வேகமெடுப்பு, சிவி 4 வேகத்தணிப்பு. யார்டு இன்ஜினுக்கு இரண்டையும் குறைவாக வையுங்கள். சிவி 29 பல டிகோடர்களில் 6 என்று வரும். அதில் 4 என்பது டிசியிலும் ஓடலாம் என்ற அனுமதி. நீங்கள் டிசியை விட்டுவிட்டீர்கள் என்றால் அந்த நாலைக் கழித்து 2 என்று எழுதுங்கள். நான்கு இலக்க முகவரி வைத்தால் 34. ஷார்ட் விலகி மின்சாரம் திரும்பும் கணத்தில் டிகோடர் அதை டிசி என்று நினைத்து முழு வேகத்தில் பாய்வது இதனால் நிற்கும்.

வடக்குச்சந்திப்பு எழுதியது:

யார்டில் எல்லாத் துண்டுகளுக்கும் ஃபீடர் போட்டாயிற்று. அதே விளக்கு, அதே இடம், 14.3. நாணயம் பட்டதும் பூஸ்டர் துண்டிக்கிறது. அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

இரண்டு சிறு கேள்விகள் பாக்கி. பாயிண்டுகளையும் டிசிசியிலேயே இயக்கலாமா? சிறிய யார்டு இன்ஜின் பிளாஸ்டிக் ஃபிராக் (தண்டவாளங்கள் குறுக்கிடும் பகுதி) உள்ள பாயிண்டுகளில் நின்று நின்று போகிறது; கீப் அலைவ் (மின்சாரம் விட்டுப்போகும் கணத்தில் தாங்கும் மின்தேக்கி) போட்டால் சரியாகுமா?

சிக்னல்மாடம் எழுதியது:

இயக்கலாம், ஆனால் தண்டவாளப் பஸ்ஸிலிருந்து பாயிண்டுகளுக்கு மின்சாரம் எடுக்காதீர்கள். எதிராகத் திரும்பியிருக்கும் பாயிண்டுக்குள் வண்டி புகுந்தால் ஷார்ட், பூஸ்டர் துண்டிக்கும், பாயிண்டைத் திருப்ப மின்சாரம் இருக்காது, பாயிண்ட் திரும்பாமல் ஷார்ட்டும் போகாது. பாயிண்டுகளுக்குத் தனி மின்வழங்கி வையுங்கள், அவற்றுக்கான கட்டளையும் ஷார்ட்டில் அகப்படாத வழியில் போகட்டும். என்னைக் கேட்டால், இப்போது பலகையில் இருக்கும் பொத்தான்களே இருக்கட்டும். யார்டில் வேலை செய்யும்போது பாயிண்ட் எண்ணைத் தட்டுவதைவிடப் பொத்தானை அழுத்துவது வேகம்.

கைப்பட்டறை எழுதியது:

கீப் அலைவ் கடைசி வழியாக இருக்கட்டும். முதலில் அந்த இன்ஜினைக் கவிழ்த்து, ஒவ்வொரு சக்கரத்தின் பின்புறமும் உரசும் செம்புத் தகடு உண்மையில் தொடுகிறதா என்று பாருங்கள். சிறிய இன்ஜின்களில் ஒரு தகடு விலகியிருந்தாலே நான்கு சக்கரத்தில் ஒன்று சும்மா சுழலும். பிளாஸ்டிக் ஃபிராக்கில் மீதி இருப்பவை போதாது. சக்கரத்தின் கறுப்புப் படிவை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியில் துடையுங்கள்.

அதன் பிறகும் நின்றால் கீப் அலைவ் போடுங்கள். அது டிகோடரின் உள்ளே நேர்மின்சாரம் ஆக்கப்பட்ட பக்கத்தில் இணையும் மின்தேக்கி. நீலக் கம்பியும் டிகோடரின் எதிர்முனையும் வேண்டும். பல டிகோடர்களில் எதிர்முனைக்குத் தனிக் கம்பி வராது. பலகையில் புள்ளியைத் தேடிப் பற்றவைக்க வேண்டும். உங்கள் டிகோடரின் கையேட்டில் படம் இல்லாவிட்டால் ஊகித்துப் பற்றவைக்காதீர்கள், கீப் அலைவுக்கான கம்பியோடு வரும் டிகோடராக மாற்றிவிடுங்கள். மேலும், கீப் அலைவ் இருக்கும்போது புரோகிராமிங் பாதையில் சிவி படிப்பது சில டிகோடர்களில் தகராறு செய்யும். அதனால் முகவரி, சிவி 29 எல்லாவற்றையும் முதலில் எழுதி, டிகோடர்புரோவில் சேமித்துவிட்டு, அப்புறம் மின்தேக்கியை இணையுங்கள்.